மிராமாருக்குப் போன மூன்று சைக்கிள்கள்: ஒரு பயணத்தின் ஆய்வு

2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை இரவு ஒன்பதே முக்கால். பணஜியில் ஒரு ஹோட்டல் அறை. கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் போர்வையை விரித்து, அட்டைப்பெட்டியிலிருந்து சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபிரேமில் கீறல் இல்லை. சக்கரங்கள் நேராகச் சுற்றின. ஹேண்டில்பாரைப் பூட்டினேன், சீட்டை அடையாளம் போட்ட உயரத்தில் நிறுத்தினேன், பின் சக்கரத்தை மாட்டினேன். முன் சக்கரத்தை ஃபோர்க்கில் வைத்துவிட்டு ஆக்சிலுக்குக் கை நீட்டினேன். ஆக்சில் இல்லை.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். சுற்றியிருந்த பபுள் ஷீட்டை ஒவ்வொன்றாக உதறினேன். சக்கரத்தையும் ஃபிரேமையும் இணைக்கும் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான அலுமினியத் தண்டு அது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் அந்த சைக்கிளை ஒரு அடி கூட நகர்த்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மிராமார் கடற்கரையில் அயர்ன்மேன் 70.3. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கூட்டினால் 113 கிலோமீட்டர், மைலில் சொன்னால் 70.3. கோவாவில் இந்தப் பந்தயம் முதலில் நடந்தது 2019 இல். எங்கள் பயிற்சிக் குழுவிலிருந்து மூன்று பேர் போனோம். நான் சென்னையிலிருந்து விமானத்தில். குழுவில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுபவர், அண்ணியோடு சென்னையிலிருந்து காரில். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் யஷ்வந்த்பூரிலிருந்து ரயிலில். மூவர் கையிலும் ஒரே தேதி, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே எடை சைக்கிள். வழி மட்டும் வேறு. அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, எது எங்களைக் காப்பாற்றியது என்பதை, அடுத்து வெளியூர்ப் பந்தயத்துக்குக் கிளம்புகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கணக்கைப் பின்னாலிருந்து போட்டோம்

பந்தயம் ஞாயிறு என்றால் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தால் போதாதா? முதல் முறை போகிற எல்லோரும் கேட்பது இது. போதாது. இந்தப் பந்தயத்தில் சைக்கிளை முந்தின நாளே கொண்டுபோய் மாற்றிடத்தில், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தில், நமக்கென்று எண் போட்ட கம்பியில் தொங்கவிட வேண்டும். பந்தய நாள் காலையில் புதிதாக யாருடைய சைக்கிளையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆக, உண்மையான கெடு ஞாயிறு காலை இல்லை, சனி பிற்பகல். அதற்கு முன்னால் சைக்கிளைப் பூட்டி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, கியரும் பிரேக்கும் சரிதானா என்று பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் கடைக்குப் போக வேண்டும். கடைகள் காலை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். ஆகவே கடை திறந்திருக்கும் ஒரு முழு நாள் கையில் இருக்க வேண்டும். அந்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி காலை சைக்கிள் கண் முன்னால் இருக்க வேண்டும் என்றால் வியாழன் இரவுக்குள், தவறினால் வெள்ளி விடியலுக்குள் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக் கணக்குப் போட்டதுமே ஒரு வழி அடிபட்டுப் போனது. சென்னை சென்ட்ரலிலிருந்து கோவாவிலுள்ள வாஸ்கோவுக்கு நேரடி ரயில் வாரத்துக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பிற்பகல் கிளம்பி, சனிக்கிழமை பகலில் போய்ச் சேரும். கோவாவைச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கு அருமையான வண்டி. எங்களுக்கு, அது ஒரு மணி நேரம் தாமதமானாலும் ஒரு வருடப் பயிற்சி தண்டம்.

இன்னொன்று, அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. பந்தயம் முடிந்து நான்கே நாளில் பண்டிகை. போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது டிக்கெட், சாலை, சுங்கச்சாவடி எல்லாம் வேறு மாதிரி இருக்கும். பந்தயத்தில் பெயரைப் பதிவு செய்த அன்றே காலண்டரில் பண்டிகைகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதை அண்ணாதான் எங்களுக்குச் சொன்னார். அவர் சொன்னதால்தான் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்தேன், போகும் டிக்கெட்டை அப்புறம்.

விமானம்: பெட்டி, எடை, இரண்டு குப்பிகள்

சைக்கிளுக்கென்றே விற்கும் கடினமான பெட்டி என்னிடம் இல்லை. அந்தப் பெட்டி மட்டுமே பத்துக் கிலோவைத் தாண்டும். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோதான் இலவசம் என்பதால், பெட்டிக்கே பாதிக்கு மேல் எடையைக் கொடுக்க மனம் வரவில்லை. தெரிந்த சைக்கிள் கடையில் புது சைக்கிள் வந்து இறங்கிய அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர்கள் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் கிழியாத பெட்டியாக எடுத்து வைப்பார்கள்.

பொதி கட்டிய விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். மறுபடி மாட்டும்போது உயரம் மாறாமலிருக்க இதைவிட எளிய வழி இல்லை. பெடல்களைக் கழற்றினேன். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை மறந்து முழு பலத்தோடு இறுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பின் டிரெய்லியரை, அதாவது சங்கிலியைப் பல்சக்கரங்களுக்கு இடையே தள்ளும் அந்தக் கையை, ஹேங்கரிலிருந்து கழற்றி பபுள் ஷீட்டில் சுருட்டி, சங்கிலியோடு சேர்த்து ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் கட்டினேன். ஹேங்கர் என்பது வேண்டுமென்றே மெலிதாகச் செய்த ஒரு சின்ன உலோகத் துண்டு. அடிபட்டால் ஃபிரேம் உடையாமல் தான் வளைந்துகொடுக்கும். பயணத்தில் முதலில் வளைவதும் அதுதான். டிஸ்க் பிரேக் என்பதால், சக்கரத்தைக் கழற்றிய பின் பேட்களுக்கு நடுவே மடித்த விசிட்டிங் கார்டைச் செருகினேன். பேட்கள் பிடிக்கும் தட்டு சக்கரத்தோடு வெளியே வந்துவிடும், அது இல்லாத நேரத்தில் யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும். பிறகு தட்டு உள்ளே நுழையாது. ஃபிரேம் குழாய்கள் மேல், ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் கீறி மாட்டினேன். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இதைவிடப் பொருத்தமான காப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். சரக்கறையில் டியூப் வெடித்துவிடும் என்று ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. கணக்குப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. தரையில் காற்றழுத்தம் சுமார் 14.7 பிஎஸ்ஐ. பறக்கும்போது விமானத்துக்குள் சுமார் எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமமான அழுத்தம் வரை குறையும், அதாவது சுமார் 11. ஆக, டயருக்குக் கூடுவது நான்கு பிஎஸ்ஐக்கும் குறைவு. நூறு பிஎஸ்ஐ தாங்கும் டயருக்கு இது பொருட்டே இல்லை. ஆனாலும் விமான நிறுவனங்கள் இறக்கச் சொல்கின்றன. கவுன்டரில் நின்று வாதாடுவதைவிட வீட்டிலேயே இறக்கிவிடுவது நல்லது. பவர் பேங்க், கழற்றிய பேட்டரிகள் எல்லாம் கைப்பையில். அவை சரக்கில் போகக் கூடாது.

இரண்டு ஆக்சில்கள், பெடல்கள், எல்லன் கீ, டிஸ்க் தட்டைக் கழற்றும் சாவி எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு முன் சக்கரத்தின் ஸ்போக்கோடு கட்டினேன். இதுவரை எல்லாம் சரி.

மீனம்பாக்கத்தில் பெரிய சாமான்களுக்கான ஸ்கேனரில் பெட்டி நின்றது. திறக்கச் சொன்னார்கள். காரணம் எனக்கு உடனே புரிந்தது. சீட்டுக்கு அடியில் மாட்டும் சிறு பையில் இரண்டு கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் இருந்தன. பஞ்சர் ஆனால் நொடியில் காற்று நிரப்புவதற்கு வைத்திருப்பவை. ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு வந்தபோது எடுக்க மறந்துவிட்டேன். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினால் இந்தச் சிறு குப்பிகளை நான்கு வரை கொண்டுபோகச் சர்வதேச விதி இடம் கொடுக்கிறது. நான் அனுமதி கேட்கவும் இல்லை, பட்டியலில் எழுதவும் இல்லை. பாதுகாப்புப் பணியாளர் தன் வேலையைச் செய்தார்.

சீட் பையை எட்ட, முன் சக்கரத்தை வெளியே இழுக்க வேண்டியிருந்தது. அதற்காக ஜிப் பையை ஸ்போக்கிலிருந்து அறுத்தேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். குப்பிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, சக்கரத்தைச் செருகி, ஜிப் பையைப் பெட்டிக்குள் அப்படியே போட்டேன். மறுபடி கட்ட என்னிடம் டை இல்லை. மேல் மூடிக்கு ஒரு சுற்று டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் கைவிட்டுத் தூக்க ஓட்டைகள் இருக்கும். அவற்றை நான் மூடவே இல்லை.

பணஜியில் பெட்டியைத் திறந்தபோது ஜிப் பை கிடந்தது, வாய் பிளந்து. பெடல்கள், சாவிகள், பின் ஆக்சில் எல்லாம் பெட்டிக்குள் சிதறிக் கிடந்தன. முன் ஆக்சில் மட்டும் அந்த ஓட்டை வழியாக எங்கேயோ விழுந்துவிட்டது. பெட்டியின் ஒரு மறந்துபோன மூலையில் இருந்த இரண்டு குப்பிகளில் தொடங்கி, அறுத்த கட்டு, மூடாத ஓட்டை என்று வரிசையாக வந்து நின்ற விளைவு அது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் மிகச் சிறியது.

வெள்ளிக்கிழமை

அன்றிரவு பத்து மணிக்கு அண்ணாவை அழைத்தேன். அவர் அப்போது ஹுப்பள்ளியில் தங்கியிருந்தார். "கவலப்படாத, வண்டி வியாழக்கிழமையே கையில இருக்கு, அது போதும். காலையில கடை தொறந்ததும் முதல் ஆளா நில்லு. அதுக்கு முன்னாடி பின் ஆக்சிலோட மரைய அளந்து வை" என்றார். தம்பி ஏற்கெனவே ரயிலில் ஏறிவிட்டான். "காலையிலேயே சொல்லியிருந்தா பெங்களூர்லயே வாங்கியிருப்பேனே" என்று அவன் வருத்தப்பட்டான்.

ஆக்சிலில் மூன்று அளவு பார்க்க வேண்டும். தடிமன் 12 மில்லிமீட்டர், இது பெரும்பாலான ரோடு சைக்கிள்களில் ஒன்றுதான். நீளம், இது ஃபோர்க்கைப் பொறுத்து மாறும். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: மரை இடைவெளி. ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கு 1 மில்லிமீட்டர் இருக்கும் வகை ஒன்று, 1.5 இருக்கும் வகை ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். மாற்றிப் போட்டுத் திருகினால் ஃபோர்க்கின் மரை அழிந்துவிடும், அதோடு ஃபோர்க்கே வீண்.

முதல் கடையில் 12 மில்லிமீட்டர் ஆக்சில் இருந்தது. மரை 1. ஒரு சுற்று போனதும் பிடித்தது. அந்தக் கடைக்காரர் "கொஞ்சம் எண்ணெய் போட்டு இறுக்கலாம்" என்றார். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது கடையில் தனியாக ஆக்சில் இல்லை. அங்கிருந்த மெக்கானிக் என் பின் ஆக்சிலை வாங்கி, மேஜை டிராயரிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து, பத்து மரைகளின் நீளத்தை ஒன்றாக அளந்தார். பதினைந்து மில்லிமீட்டர். ஒற்றை மரையை அளந்தால் பிழை வரும், பத்தை அளந்து பத்தால் வகுத்தால் வராது. பார்த்துக்கொண்டே நின்றேன், இப்போதும் அந்த விரல்கள் கண்ணில் நிற்கின்றன. பிறகு முன்வரிசையில் விற்பனைக்கு நின்ற ஒரு சைக்கிளின் முன் ஆக்சிலைக் கழற்றி அதையும் அளந்தார். மரை 1.5. நீளம் மட்டும் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். என் ஃபோர்க்கில் சாவி போடாமல் வெறும் விரலால் சுற்றினார். கடைசி வரை தடங்கலில்லாமல் போனது. "விரலால போனா அது உன்னோடது. சாவி போட்டாதான் போகும்னா அது வேற யாரோடதோ" என்று இந்தியில் சொன்னார். மறுபக்கம் ஐந்து மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. மரை முழுவதும் பிடித்திருந்ததால் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கடைசியில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் சாவியை வைத்து 12 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிக் கொடுத்தார்.

பகல் பன்னிரண்டரைக்கு மிராமாரிலிருந்து டோனா பவுலா வரை ஓட்டிப் பார்த்தேன். கியர் ஒன்று தயங்கியது, கேபிளை அரைச் சுற்று இறுக்கியதும் சரியானது. கெடுவுக்கு இன்னும் ஒரு முழு நாள் மிச்சம் இருந்தது.

இதே சம்பவம் சனிக்கிழமை காலை விமானத்தில் வந்து இறங்கி நடந்திருந்தால்? ஹோட்டலுக்கு வர மதியம், பூட்டிப் பார்க்க ஒரு மணி, முதல் கடைக்கு இரண்டு மணி. பந்தயப் பதிவு, எண் ஒட்டுதல், பை அடுக்குதல் எல்லாம் அதே நேரத்தில். இரண்டாவது கடை வரை போயிருப்பேனா என்று எனக்கே சந்தேகம். எண்ணெய் போட்டு இறுக்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ரயில்: கடைசி நிறுத்தம்

ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோவது பற்றி நம்மிடையே தவறான எண்ணங்கள் நிறைய. ஏசி மூன்றடுக்கில் 40 கிலோ இலவசம் என்பதால் சைக்கிளும் அதில் அடங்கும் என்று நினைக்கிறார்கள். சைக்கிளுக்கு அந்த இலவச எடை செல்லாது. பெட்டிக்குள் எடுத்துப் போகும் சாமானுக்கு அளவுக் கட்டுப்பாடும் உண்டு. சைக்கிள் அட்டைப்பெட்டி எந்த வகையிலும் அதற்குள் வராது. லக்கேஜ் ஆபீசில் புக் செய்து, பிரேக் வேன் என்னும் சரக்குப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் முன்பு என்று விதி சொல்கிறது. தம்பி மூன்று மணி நேரம் முன்பே யஷ்வந்த்பூரில் நின்றான். எடை போட, ரசீது எழுத, போர்ட்டரிடம் பேச, ஏற்றுவதைக் கண்ணால் பார்க்க எல்லாவற்றுக்கும் அந்த நேரம் சரியாக இருந்தது.

அவன் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கோவாவின் இன்னொரு ரயில் நிலையமான மட்காவுனில் இறங்காமல் வாஸ்கோ வரை போனதுதான். மட்காவுன் வழியாகப் போகும் மற்ற வண்டிகளில் போனால் அங்கே சில நிமிடங்கள்தான் நிற்கும். அதற்குள் பிரேக் வேனைத் திறந்து, முன்னால் அடுக்கிய மூட்டைகளை நகர்த்தி, சைக்கிளை இறக்காவிட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். வாஸ்கோ அவன் வண்டிக்குக் கடைசி நிறுத்தம். அங்கே எல்லாவற்றையும் இறக்கித்தான் ஆக வேண்டும். வாஸ்கோவிலிருந்து பணஜி முப்பது கிலோமீட்டர், டாக்ஸிக்குக் கூடுதல் செலவு. அந்தச் செலவு அவனுக்கு நிம்மதியை வாங்கிக் கொடுத்தது.

காஸில் ராக்கிலிருந்து குலேம் வரை மலை இறங்கும் அந்தப் பாதையில், தூத்சாகர் அருவியைக் கடக்கும் இருட்டில், அவன் தூங்காமல் உட்கார்ந்திருந்தானாம். 37 அடிக்கு ஓர் அடி சரிவு. மூட்டைகளுக்கு நடுவே சைக்கிள் எப்படி ஆடுகிறதோ என்று நினைத்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னான். சைக்கிளைப் பெட்டியில் போடாமல், தெர்மாகோலும் சாக்கும் சுற்றித்தான் ஏற்றியிருந்தான். டிரெய்லியரைக் கழற்றவில்லை. வெள்ளி காலை வாஸ்கோவில் சாக்கைப் பிரித்துப் பின்னாலிருந்து பார்த்தபோது, ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருப்பது தெரிந்தது. கடைசிக் கியரில் போட்டால் டிரெய்லியர் ஸ்போக்கில் மாட்டும் அளவுக்கு வளைவு. ஆனால் அவனிடம் ஸ்பேர் ஹேங்கர் இருந்தது. ஒவ்வொரு மாடலுக்கும் ஹேங்கர் வேறு. எந்த ஊர்க் கடையிலும் நம் சைக்கிளின் ஹேங்கர் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அதனால் அதைப் பையிலேயே வைத்திருந்தான். இருபது நிமிட வேலை.

எனக்கு ஆக்சில் போனது, அவனுக்கு ஹேங்கர் வளைந்தது. ஆனால் அவன் அன்று காலை நிம்மதியாகச் சாப்பிட்டான்.

கார்: சைக்கிளுக்குச் சுகம், காலுக்கு இல்லை

அண்ணாவின் சைக்கிள் மூன்றிலும் பத்திரமாக வந்தது. பின் சீட்டை மடக்கி, முன் சக்கரத்தை மட்டும் கழற்றி, பழைய மெத்தை மேல் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார். டிரெய்லியர் மேல்பக்கம் பார்க்க இருக்க வேண்டும், அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். காருக்குப் பின்னால் மாட்டும் கேரியரை அவர் விரும்பவில்லை. நம்பர் பிளேட் மறையும், மழையில் சகதி முழுக்கச் சங்கிலியில் ஏறும், ஓட்டலில் சாப்பிட இறங்கினால் கண் முழுவதும் வண்டி மேலேயே இருக்கும்.

ஆனால் சென்னையிலிருந்து கோவா தொள்ளாயிரம் கிலோமீட்டர். வியாழன் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, பெங்களூர், சித்ரதுர்கா வழியாக ஹுப்பள்ளியில் இரவு தங்கி, மறுநாள் அன்மோட் மலைப்பாதை இறங்கி பிற்பகலில் வந்து சேர்ந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு நாள் கிளட்ச் மிதித்த இடது முழங்கால், சனிக்கிழமை வரை இறுக்கமாகவே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நடந்ததாகவும், பாதி தூரம் அண்ணி ஓட்டியதாகவும் சொன்னார். அண்ணி ஓட்டவில்லை என்றால் இந்த வழியே வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. நானும் ஒத்துக்கொள்கிறேன். தனியாளாக ஓட்டிக்கொண்டு போய் மறுநாள் பந்தயத்தில் நிற்பது உடம்புக்குச் செய்யும் துரோகம்.

காரின் அருமை சனிக்கிழமைதான் தெரிந்தது. நின்றபடி காற்றடிக்கும் பெரிய பம்பை அவர் தூக்கி வந்திருந்தார். விமானத்திலோ ரயிலிலோ அதைக் கொண்டுவர யாருக்கும் மனம் வராது. சனி பிற்பகல் வெயிலில் மாற்றிடத்தில் சைக்கிளை நிறுத்தும்போது டயரை முழு அழுத்தத்தில் விடாமல் இறக்கி வைத்தோம். சூட்டில் அழுத்தம் ஏறி டியூப் வெடிப்பது கோவாவில் நடக்கக்கூடியதே. ஞாயிறு விடியலில் டார்ச் வெளிச்சத்தில் அந்த ஒரே பம்பால் எங்கள் மூவருக்கும், பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஐந்தாறு பேருக்கும் காற்று நிரம்பியது.

சின்ன விஷயங்கள் என்று நினைத்தவை

டாக்ஸி. ஒன்றே கால் மீட்டர் நீளப் பெட்டி சாதாரண காரின் டிக்கியில் நுழையாது. டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருந்தால் சூட்கேஸ் கூட நுழையாது. சென்னையில் வீட்டிலிருந்து விமான நிலையம் போகப் பெரிய வண்டியை முந்தின நாளே பேசி வைத்தேன். கோவாவில் நம் ஊரில் பழகிய டாக்ஸி செயலிகள் கை கொடுக்காது என்பதால், ஹோட்டலிலேயே சொல்லி வண்டி ஏற்பாடு செய்துகொண்டேன். விமான நிலையமும் அங்கே இரண்டு: பழைய டாபோலிம், 2023 ஜனவரியில் பயணிகளுக்குத் திறந்த மோபா. டிக்கெட்டில் எது என்று பார்க்காமல் வண்டியை வரச் சொன்னால் ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே.

ஹோட்டல். அறைக்குள் சைக்கிளை வைக்க விடுவார்களா, லிஃப்டில் பெட்டி நுழையுமா என்று போனில் கேட்டுத்தான் அறை எடுத்தோம். பந்தயத்தன்று சாலைகளை அடைத்துவிடுவார்கள், அதனால் மிராமாருக்கு நடந்து போகும் தூரத்தில்.

சாப்பாடு. விடியற்காலை மூன்றரைக்கு எந்த ஹோட்டலும் இட்லி தராது. நான் ஒரு சிறு கெட்டிலும் அவலும் வெல்லமும் கொண்டுபோயிருந்தேன். வெந்நீரில் அவலை ஊறவைத்து, ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டோம். பந்தயத்துக்கு முந்தின இரண்டு நாள் வயிற்றுக்குப் புதியதாக எதையும் கொடுக்கவில்லை. கோவா மீன் குழம்பு ஞாயிறு ராத்திரிக்குக் காத்திருந்தது.

பந்தயம் பற்றி இங்கே சொல்ல அதிகமில்லை. மாண்டவி ஆறு கடலில் கலக்கும் இடம் அது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நீச்சலுக்குக் கெடு ஒரு மணி பத்து நிமிடம், மொத்தத்துக்கு எட்டரை மணி. மூவரும் கெடுவுக்குள் முடித்தோம். 90 கிலோமீட்டரிலும் அந்த ஐந்து மில்லிமீட்டர் நீட்டல் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அது அசையவில்லை.

திரும்பி வந்தது

போகும்போது மூன்று வழி என்று பிரிந்தவர்கள் திரும்பும்போது ஒன்றாக யோசித்தோம். முதலிலேயே யோசித்திருக்க வேண்டியது. ஏழெட்டு மணி நேரம் உழைத்த உடம்போடு மறுநாள் தரையில் உட்கார்ந்து சைக்கிளைப் பிரித்துப் பொதி கட்டுவது கொடுமையான வேலை. களைப்பில் எதையாவது விட்டுவிடுவதும் அப்போதுதான். அண்ணா காரில் இன்னொரு சைக்கிளுக்கு இடம் இருந்தது. இரண்டையும் நடுவே மெத்தை போட்டு அடுக்கினோம். நான் திங்கள் இரவு கைப்பையோடு விமானம் ஏறினேன்.

அவர்கள் ஒரு நாள் ஓய்வெடுத்து, செவ்வாய் கிளம்பி, சித்ரதுர்காவில் தங்கி, புதன்கிழமை பெங்களூரைத் தாண்டினார்கள். தீபாவளிக்கு முந்தின நாள். பெங்களூரில் இருக்கும் தமிழர்கள் பெரும்பாலோர் அன்று ஓசூர் சாலையில்தான் இருந்திருப்பார்கள் போல. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அத்திப்பள்ளி தாண்ட மட்டும் மூன்று மணி நேரம். அண்ணி ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினார்: வீட்டுக்கு வந்தாச்சு, ரெண்டு வண்டியும் பத்திரம், நாளைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்து எடுத்துக்கோ.

தீபாவளியன்று பத்து மணிக்குப் போனேன். கையில் பலகாரம் இருந்த சம்படம். அண்ணா கார் ஷெட்டில் உட்கார்ந்து, உப்புக் காற்றில் துருவேறத் தொடங்கியிருந்த தன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என் சைக்கிளின் முன் ஆக்சிலைக் கழற்றச் சொல்லி, ஒரு ஸ்கேலை வைத்து நீளத்தை அளந்தார். ஃபோர்க்கின் உள்பக்கத்தில் எழுதியிருந்த எண்ணைப் போனில் படமெடுத்தார். ஹேங்கரின் எண், பிரேக் பேடின் மாடல், பின் ஆக்சில், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து எனக்கும் தம்பிக்கும் அனுப்பினார். "மூணு பேரோடதும் மூணு பேர்கிட்டயும் இருக்கட்டும்" என்றார்.

சரியான நீளமுள்ள புது ஆக்சில் நவம்பர் நடுவில் வந்தது. பணஜியிலிருந்து வந்த நீளமான ஆக்சிலைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, பழைய டியூப் துண்டில் சுருட்டி, ஹேங்கரோடு சேர்த்து என் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்திருக்கிறேன்.